வகுப்புக் கதவின் கண்ணாடி வழியே

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் லண்டனுக்கு வெளியே ஒரு சிறு நகரத்தில் வாழும் அம்மா. சொந்த ஊர் மதுரை. கணவருக்கு ஐ.டி. வேலை, ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் வந்து நான்கு வருஷம் ஆகிறது. ஒரே மகள், ஏழு வயது. பெயர் போட வேண்டாம், பாப்பா என்றே எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார். 31 வாரத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை. உடம்பின் வலது பக்கத்தை மட்டும் பாதிக்கிற செரிப்ரல் பால்ஸி, நம் ஊரில் மூளை முடக்குவாதம் என்பார்கள். பாப்பா நடக்கிறாள், ஓடுகிறாள், படி ஏறுகிறாள். வலது குதிகால் மட்டும் தரையில் முழுதாகப் பதியாது. பகலில் ஷூவுக்குள், பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட். வலது கை வேலை செய்யும், ஆனால் மணிக்கட்டு மடங்கியே நிற்கும்.

போன செப்டம்பரில் அவளைச் சனிக்கிழமை பாலே என்ற ஐரோப்பிய நடன வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். படிவத்தில் உடல்நலப் பிரச்சினை ஏதாவது உண்டா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார் அம்மா. முதல் டெர்ம் சந்தோஷமாகப் போயிருக்கிறது. இரண்டாவது டெர்மில், நிகழ்ச்சிக்கு ஒத்திகை தொடங்கியதும், ஆசிரியையிடமிருந்து ஒரு மெசேஜ்: குழந்தையின் பாதுகாப்பை நினைத்துச் சொல்கிறேன், நிறுத்திவிடுவது நல்லது, இப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சொல்லித்தர எனக்குப் பயிற்சி இல்லை, எங்கள் இன்சூரன்ஸும் இடம் தராது. எட்டு வாரம் ஆகிவிட்டது. பாப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் பாலே உடையை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறாளாம்.

'விசாவில் இருக்கிறோம், வம்பு வேண்டாம்' என்கிறார் கணவர். மாமியார் மதுரையிலிருந்து வீடியோ காலில், 'நம்ம பரதம் இருக்க இது எதுக்கு' என்கிறார், கூடவே சுதா சந்திரன் ஆடும் வீடியோவையும் அனுப்புகிறார். கடிதம் எழுதியவரும் பத்து வருஷம் பரதம் கற்று அரங்கேற்றம் செய்தவர்தான். அவர் கேட்பவை: பாலே அவள் காலைக் கெடுக்குமா, சரிசெய்யுமா? ஆசிரியை அப்படி அனுப்பிவிடலாமா? இதையெல்லாம் நான் அவளுக்காகச் செய்கிறேனா, எனக்காகவா? கடிதத்தின் நடுவே இருக்கும் இரண்டு வரியை மட்டும் அப்படியே தருகிறேன்: 'வகுப்புக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அது வழியாகப் பார்க்கும்போது நான் பாப்பாவைப் பார்ப்பதில்லை, அந்தக் காலை மட்டும்தான் பார்க்கிறேன்.'

பதில்

அன்புத் தோழி,

அந்தக் கண்ணாடியிலிருந்தே தொடங்குகிறேன். நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட், முதலில் சென்னையில், இப்போது பல வருஷமாக இங்கே. கால்களைப் பார்ப்பதுதான் என் வேலை. ஒரு குழந்தை என் அறைக்குள் நடந்துவரும் ஆறேழு அடிக்குள் குதிகால் எங்கே படுகிறது, முட்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று என் கண் கணக்கெடுத்துவிடும். அதனால் உங்கள் கண் அந்தக் காலிலேயே போய் நிற்பதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள். ஏழு வருஷமாக டாக்டர்களும் என்னைப் போன்றவர்களும்தான் உங்களை அப்படிப் பார்க்கப் பழக்கியிருக்கிறோம்: ஸ்பிளின்ட் எத்தனை மணி நேரம் போட்டாள், ஸ்ட்ரெச்சிங் செய்தீர்களா, தடுக்கி விழுந்தாளா. அதோடு நீங்கள் அரங்கேற்றம் செய்தவர், முட்டியை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் முட்டி எங்கே நிற்க வேண்டும் என்று பத்து வருஷம் பாடம் கேட்டவர். இரண்டு பயிற்சியும் ஒரே கண்ணில் சேர்ந்தால் அது வேறு எங்கே போகும்?

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பாப்பா அந்த வகுப்பில் என்ன செய்தாள் என்று உங்கள் கடிதத்தில் தேடிப் பார்த்தேன். கால் எங்கே பதிந்தது, எங்கே பதியவில்லை என்று நிறைய இருக்கிறது. அவளுக்கு எந்த இசை பிடித்தது, யார் பக்கத்தில் நின்றாள், வீட்டுக்கு வந்து எதைத் திரும்பத் திரும்ப ஆடிக் காட்டினாள் என்று ஒரு வரி கூட இல்லை. இதைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, 'எனக்காகவா அவளுக்காகவா' என்ற கேள்விக்குப் பதிலைத் தேட வேண்டிய இடம் அதுதான். உண்மையில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள், கவனிக்காமல். யாரும் சொல்லாமல் எட்டு வாரமாக உடை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற குழந்தை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்? அவளுக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் ஆசையும் அதில் கொஞ்சம் கலந்திருந்தால் என்ன தப்பு, பிள்ளையைப் பாட்டிலோ டான்ஸிலோ சேர்க்கிற எந்த அம்மாவுக்கு அது இல்லை?

பாலே அந்தக் காலைக் கெடுக்குமா?

குதிகால் பதியாத குழந்தையைக் கொண்டுபோய் நுனிக்காலில் நிற்கச் சொல்கிற நடனத்தில் விடுகிறோமே என்ற பயம் நியாயமானது. என்னிடம் வரும் பெற்றோரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். செரிப்ரல் பால்ஸியில் கோளாறு காலில் தொடங்குவதில்லை. பிறப்பதற்கு முன்போ, பிறந்த சமயத்திலோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ மூளையில் பட்ட காயம் அது, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அந்த ஆபத்து கூடுதல். அந்தக் காயம் பெரிதாகாது, மறையவும் மறையாது. ஆனால் அங்கிருந்து வருகிற கட்டளை சீராக இல்லாததால் கெண்டைக்கால் சதை இறுகியே இருக்கிறது, குழந்தை வளரும்போது எலும்பு நீளுகிற வேகத்துக்கு அந்தச் சதையால் ஈடுகொடுக்க முடிவதில்லை, அதனால்தான் குதிகால் மேலே இழுபடுகிறது. வாரத்தில் ஒரு நாள், முக்கால் மணி நேர வகுப்பில், பார் என்கிற சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சில தடவை நுனிக்காலில் ஏறி இறங்குவதால் இது அதிகமாகிவிடும் என்று நினைக்கக் காரணமில்லை. இறுகிய சதைக்கு வேலை கொடுத்தால் இறுக்கம் கூடும் என்றுதான் நான் படித்த காலத்தில் எங்களுக்கே சொல்லித்தந்தார்கள். அது சரியில்லை என்று பிறகு தெரிந்து கைவிட்டார்கள். இறுக்கமாக இருப்பதால் அந்தச் சதைக்குப் பலம் இருக்கிறது என்று நினைக்கிறோம், பெரும்பாலும் அது பலவீனமான சதை. அதற்கு வேலை வேண்டும்.

இன்னொன்று, ஏழு வயதுக் குழந்தை பாலேவில் நாள் முழுக்க நுனிக்காலில் நிற்பதில்லை. அவள் அதிகம் செய்வது அரை ப்ளியே: குதிகாலைத் தரையில் வைத்துக்கொண்டே முட்டியை மடக்கி மெதுவாக இறங்கி, மெதுவாக எழுவது. உங்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை, அரைமண்டிக்கு உறவுதான், அரைமண்டியில் உட்கார்ந்தபடியே ஆடுகிறோம், ப்ளியேயில் இறங்கி ஏறுகிறார்கள். குதிகாலை முடிந்த அளவு கீழே வைத்து இதைச் செய்தால் கெண்டைக்காலுக்கு நல்ல நீட்டல் கிடைக்கிறது. நான் வீட்டில் செய்யச் சொல்லித்தரும் பயிற்சிகளில் ஒன்று கிட்டத்தட்ட இதேதான், அதைக் குழந்தைகள் அழுதுகொண்டு செய்வார்கள். வகுப்பில் இசையோடு, தோழிகளோடு செய்கிறாள்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. பாலேவில் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி நிற்கச் சொல்வார்கள். ஒரு பக்க பாதிப்பு உள்ள பல குழந்தைகளுக்குத் தொடை எலும்பே கொஞ்சம் உட்பக்கம் திரும்பியிருக்கும், அவர்கள் மற்றவர்களைப் பார்த்துப் பாதத்தை மட்டும் இழுத்துத் திருப்பினால் அந்த முறுக்கு முட்டியில் போய் விழும். முட்டி எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதைத் தாண்டிப் பாதம் போகக் கூடாது, இரண்டு காலும் ஒரே அளவு திரும்ப வேண்டியதும் இல்லை. ஆசிரியைக்கு இந்த ஒன்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். அப்புறம் களைப்பு. நம்மைவிட இந்தக் குழந்தைகளுக்கு நடக்கவே அதிக சக்தி செலவாகிறது, வகுப்பின் கடைசிப் பத்து நிமிஷத்தில்தான் தடுக்கி விழுவார்கள், அப்போது உட்கார்ந்து பார்க்க ஒரு நாற்காலி இருந்தால் போதும். மறுநாளும் வலி இருந்தாலோ, திடீரென்று உயரமாகி ஸ்பிளின்ட் இறுக்கிப் பிடித்தாலோ, வகுப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன் பாப்பாவின் பிசியோவிடம் காட்டுங்கள். ஸ்பிளின்ட்டோடு ஆடுவதா, கழற்றிவிட்டா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். கணுக்கால் மடங்க விடாத வகை ஸ்பிளின்ட் என்றால் அதைப் போட்டுக்கொண்டு ப்ளியே செய்ய முடியாது, முக்கால் மணி நேரம் கழற்றிவைக்கலாமா என்பதைக் கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து பார்ப்பவரே முடிவு செய்ய முடியும்.

விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் ஷூ பற்றி நீங்கள் கேட்கவில்லை, பாப்பா ஒரு நாள் கேட்பாள். எந்தப் பாதிப்பும் இல்லாத குழந்தைகளுக்கே பதினொன்று பன்னிரண்டு வயதுக்கு முன் அதைத் தருவதில்லை, சனிக்கிழமை வகுப்புக்குப் போகும் குழந்தைகளில் முக்கால்வாசிப் பேர் அதுவரை போவதும் இல்லை. பாப்பாவின் வலது காலில் அது அநேகமாக நடக்காது. கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள், இப்போதே போய்ச் சொல்ல வேண்டாம்.

'சரியாகிடும்' என்று சொன்னது

கடிதத்தில் நான் நின்று இரண்டு தடவை படித்த இடம் இது. 'என் கால் எப்பம்மா சரியாகும்?' என்று பாப்பா கேட்டிருக்கிறாள், 'நல்லா பிராக்டிஸ் பண்ணு, சரியாகிடும்' என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல வரும், எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தைத் தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஏனென்றால் கால் அப்படியே இருக்கும்போது குழந்தை ஒரு முடிவுக்கு வருவாள்: நான் ஒழுங்காகப் பிராக்டிஸ் பண்ணவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் என் அறையில் உட்கார்ந்து, தங்கள் கால் இப்படி இருப்பதற்குத் தாங்கள் சோம்பேறியாக இருந்ததுதான் காரணம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டால் மனசு தாங்காது.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'நீ ரொம்பக் குட்டியா இருந்தப்ப உன் மூளையில வலது காலுக்கும் கைக்கும் செய்தி போற இடத்துல ஒரு காயம் பட்டுச்சு. அதனால அந்தக் கால் இறுக்கமா இருக்கு. அது யாரோட தப்பும் இல்ல. நீ பெரியவளானாலும் அது அப்படித்தான் இருக்கும். வலிக்காம, நல்லா வேலை செய்யணும்னுதான் ஸ்பிளின்ட்டும் ஸ்ட்ரெச்சிங்கும்.' ஏழு வயசுக்கு இது புரியும். அழலாம், அழட்டும், பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்த விஷயம்தான் பாலே சரிசெய்யுமா என்பதும். செரிப்ரல் பால்ஸி உள்ள குழந்தைகளுக்குப் பாலே வகுப்பு வைத்து அமெரிக்காவில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன, சமநிலையிலும் அசைவுக் கட்டுப்பாட்டிலும் முன்னேற்றம் தெரிந்தது என்கின்றன, ஆனால் எல்லாம் சிறிய ஆய்வுகள், சில குழந்தைகளை வைத்துச் செய்தவை. நல்லது நடந்தால் சந்தோஷம். அதற்காக வகுப்பை மருந்தாக்கிவிடாதீர்கள். அவளுக்கு ஏற்கெனவே வாரம் முழுக்க தெரபிதான். காரில் திரும்பும்போது 'குதிகால் வச்சியா' என்று கேட்டீர்கள் என்றால் சனிக்கிழமையும் அதில் சேர்ந்துவிடும்.

பரதம் போதாதா?

அத்தை சொல்வதில் பாசம் இருக்கிறது, நம்முடையதைப் பேத்தி ஆட வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. ஆனால் பரதம் இந்தக் காலுக்கு எளிது என்று நினைத்துச் சொல்கிறார் என்றால் அது சரியில்லை, உங்களுக்கே தெரியும். நாட்டடவில் காலை நீட்டிக் குதிகாலை ஊன்றி விரல்களை மேலே தூக்குகிறோமே, பாப்பாவின் வலது பாதத்துக்கு இருப்பதிலேயே கஷ்டமான அசைவு அதுதான். தட்டடவில் முழுப் பாதமும் தட்ட வேண்டும், அரைமண்டியை விடாமல் பிடிக்க வேண்டும். வலது கையால் கடகாமுகம், திரிபதாகம் போன்ற முத்திரைகளைப் பிடிக்கச் சொன்னால் மணிக்கட்டும் விரலும் ஒத்துழைக்காது, பாலேவில் கை அவ்வளவு நுணுக்கமாகப் பேச வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கஷ்டம். அபிநயத்தில் முகம் ஆடும், கண் ஆடும், கதை சொல்லலாம், அந்த வகையில் பரதம் அவளுக்கு ஒரு நாள் பிடித்துப்போகலாம். அவளே கேட்டால் சொல்லிக்கொடுங்கள், உங்களைவிட நல்ல டீச்சர் கிடைக்கவா போகிறார்? பாலேவுக்குப் பதிலாக என்று மட்டும் வேண்டாம்.

சுதா சந்திரன் விஷயம். 1981-இல் திருச்சி பக்கம் நடந்த பஸ் விபத்துக்குப் பிறகு வலது காலை இழந்து, ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு மறுபடி மேடை ஏறியவர். எனக்கும் அவர்மேல் பெரிய மரியாதை. ஆனால் அவர் உடம்பில் நடந்ததும் பாப்பா உடம்பில் நடப்பதும் வேறு வேறு. அவர் விபத்துக்கு முன் பல வருஷம் ஆடியவர், எப்படி ஆட வேண்டும் என்று அவர் மூளைக்குத் தெரியும், கட்டளையும் சீராகப் போகும், இல்லாமல் போனது கால். பாப்பாவுக்குக் கால் இருக்கிறது, கட்டளை வழியில் தடுமாறுகிறது. மனஉறுதி இருந்தால் அவர் செய்த மாதிரி இவளும் செய்துவிடலாம் என்று ஏழு வயசுக் குழந்தையிடம் சொல்வது, நான் மேலே சொன்ன அதே பாரத்தை வேறு பக்கத்திலிருந்து ஏற்றுவதுதான். வீடியோவைப் பார்க்கட்டும், ரசிக்கட்டும், அதோடு விடுங்கள். அத்தையிடம் இதை நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆசிரியை அப்படி அனுப்பிவிடலாமா?

நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்தச் சட்டத்தோடு என் வேலையில் அடிக்கடி பழக வேண்டியிருக்கிறது. முதலில் நீங்கள் தவறாக நினைத்திருப்பது ஒன்று: 'அவள் நடக்கிறாள், அதனால் மாற்றுத்திறனாளி இல்லை, அதனால்தான் இல்லை என்று எழுதினேன்.' இங்கிலாந்தின் 2010 சமத்துவச் சட்டம் சக்கர நாற்காலியைத் தேடுவதில்லை. உடலிலோ மனதிலோ உள்ள ஒரு பாதிப்பு, அன்றாட வேலைகளைக் கணிசமாகப் பாதிக்க வேண்டும், 12 மாதமோ அதற்கு மேலோ நீடிக்க வேண்டும். ஸ்பிளின்ட் போட்டால் நன்றாக நடக்கிறாளே என்பதும் கணக்கில் வராது, ஸ்பிளின்ட் இல்லாமல் எப்படி என்றுதான் பார்க்க வேண்டும். பாப்பா இதற்குள் வருகிறாள். அந்தச் சொல் உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உறுத்தட்டும், பழகிவிடும், அவளுக்குப் பாதுகாப்பு தருகிற சொல் அது.

இரண்டாவது, 'தனியார் வகுப்பு, அவர்கள் இஷ்டம்' என்று உங்கள் கணவர் நினைப்பது. பொதுமக்களுக்குச் சேவை தருகிற யாருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும், வாடகைக்கு ஹால் எடுத்து நடத்துகிற டான்ஸ் வகுப்புக்கும்தான். மாற்றுத்திறனைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது, நியாயமான மாற்றங்களைச் செய்துதர வேண்டும், அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்கக் கூடாது. 'பயிற்சி இல்லை', 'பாதுகாப்பு' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. என்ன ஆபத்து, அதைக் குறைக்க எதை முயன்று பார்த்தீர்கள் என்று காட்ட வேண்டும். அப்படியே இன்சூரன்ஸும்: பாலிசியில் எந்த நிபந்தனை அப்படிச் சொல்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பல நேரம் யாரும் அந்த நிறுவனத்தைக் கேட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் 'நியாயமான' என்ற சொல்லுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரே ஆள் நடத்துகிற சின்ன வகுப்பில், பாப்பாவுக்கென்று தனி ஆசிரியை வேண்டும் என்று கேட்டால் அது நியாயமாகாமல் போகலாம். பாரின் ஓரத்தில் இடம், எப்போதும் இடது கையால் பிடித்துக்கொள்ள அனுமதி, பாதத் திருப்பலில் தளர்வு, களைத்தால் உட்கார நாற்காலி, நிகழ்ச்சியில் அவளால் முடிகிற அடிகளோடு ஒரு பங்கு, இதெல்லாம் நியாயம். அப்புறம், மன்னியுங்கள், அந்தப் படிவம். பாதிப்பு இருப்பது தெரியாத, தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லாத ஒருவர்மேல் இந்த வகைக் குற்றச்சாட்டு பெரும்பாலும் நிற்காது. ஆசிரியை கண்ணால் பார்த்து ஊகித்தாரே தவிர உங்களிடமிருந்து ஒரு தகவலும் அவருக்கு வரவில்லை. ஏன் மறைத்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது, ஒரு இடத்திலாவது அவள் வெறும் பாப்பாவாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். ஆனால் தெரியாத காலைப் பார்த்து அந்தப் பெண்மணி பயந்ததில் ஒரு பாதி அதனால் வந்தது.

வழக்குப் போடுவதென்றால் இங்கே கவுண்டி கோர்ட், சம்பவம் நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக அவகாசம். எட்டு வாரம் போய்விட்டது, மீதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கோர்ட்டுக்குப் போக மாட்டேன், செலவு, தோற்கும் அபாயம், அதற்குள் பாப்பாவுக்கு எட்டு வயதாகிவிடும். சமத்துவச் சட்டம் பற்றி இலவசமாக ஆலோசனை சொல்லும் ஈக்வாலிட்டி அட்வைசரி அண்ட் சப்போர்ட் சர்வீஸ் என்ற உதவி எண் இருக்கிறது, ஆசிரியைக்கு எழுதுவதற்கு முன் அவர்களிடம் பேசிவிடுங்கள்.

விசா பயம்

கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். சமத்துவச் சட்டம் உங்கள் விசா என்ன வகை என்று பார்ப்பதில்லை, ஒரு டான்ஸ் வகுப்பிடம் நியாயம் கேட்பது அரசிடம் உதவி வாங்குவது ஆகாது. அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். தரும் பிசியோவும் பள்ளி தருகிற உதவியும் விசா விதிகள் சொல்லும் 'பொது நிதி'யில் வராது. ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது ஒன்றில்தான்: யாராவது ஆர்வத்தில் 'குழந்தைக்கு டி.எல்.ஏ. வாங்குங்கள்' என்பார்கள். டி.எல்.ஏ., அதாவது டிசபிலிட்டி லிவிங் அலவன்ஸ் என்ற அரசு உதவித்தொகை, பொது நிதிப் பட்டியலில் இருக்கிறது, உங்கள் விசாவில் பொது நிதி கூடாது என்ற நிபந்தனை இருக்கும், அதனால் குடியேற்ற ஆலோசகரைக் கேட்காமல் விண்ணப்பிக்க வேண்டாம்.

ஆசிரியைக்கு ஒரு கடிதம்

கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுங்கள். அந்த மெசேஜ் தப்புதான், ஆனால் அதை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதினார் என்று எனக்குத் தோன்றவில்லை, குழந்தை விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று தனியாக நிற்கிற ஒருவரின் பயம் அதில் தெரிகிறது. முதல் பத்தியில் படிவத்தில் சொல்லாததற்கு வருத்தம் தெரிவியுங்கள், அதுதான் கதவைத் திறக்கும். அடுத்து பாப்பாவின் நிலையை நாலு வரியில். பிறகு அவளால் என்ன முடியும் என்பதை, எது முடியாது என்பதைவிட நீளமாக. மேலே சொன்ன மாற்றங்களில் நாலைந்தை வரிசையாக எழுதி, எங்கள் பிசியோ உங்களோடு பதினைந்து நிமிஷம் போனில் பேசத் தயார் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் பிசியோவைக் கேட்டுக்கொள்ளுங்கள், எங்களில் பெரும்பாலோர் சந்தோஷமாகச் சம்மதிப்போம். 2010 சட்டத்தைக் கடைசியில் ஒரே வரியில் குறிப்பிட்டால் போதும். இரண்டு வாரத்தில் எழுத்தில் பதில் வேண்டும் என்று முடியுங்கள்.

ஒரு அம்மாவின் கடிதத்தால் என்ன ஆகும் என்று தோன்றினால், இது நடந்த கதை: 2014-இல் செரிப்ரல் பால்ஸி உள்ள மகளின் அம்மா ஒருவர் நியூயார்க் சிட்டி பாலேவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். அதிலிருந்துதான் அந்தக் குழு, ஜோசப் டுட்கோவ்ஸ்கி என்ற எலும்பு மருத்துவரோடு சேர்ந்து, இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று பயிலரங்குகள் நடத்தத் தொடங்கியது. அதே குழுவில் முன்பு முதல் வரிசை நடனமணியாக இருந்த டனகீல் லெ கிளர்க் 1956-இல் போலியோ வந்து மறுபடி நடக்கவே இல்லை. அவர் பிற்காலத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பாலே சொல்லிக்கொடுத்தார், கால் செய்ய வேண்டியதைக் கையால் காட்டி. பாப்பாவின் ஆசிரியைக்கு இது தெரிந்திருக்கலாம், பாலே உலகில் பெரிய பெயர். கடிதத்தில் எழுத வேண்டாம், நேரில் பேசும்போது சொல்லுங்கள்.

அவர் மறுத்தால்? அல்லது ஒத்துக்கொண்டும் பாப்பாவைக் கடைசி வரிசையில் மரமாக நிறுத்தினால்? விட்டுவிட்டு வேறு வகுப்பு தேடுங்கள், உரிமை இருக்கிறது என்பதற்காக அவளை வேண்டாத இடத்தில் போய் நிறுத்த வேண்டியதில்லை. இப்போது பல பாலே பள்ளிகள் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து ஆடுகிற வகுப்பு நடத்துகின்றன, ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் என்ற அமைப்பு நடத்தும் பாலே தேர்வுகளிலும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தேவையான ஏற்பாடுகளைக் கேட்டு வாங்க வழி உண்டு. லண்டனில் 1991-இல் தொடங்கிய கேண்டோகோ நடனக் குழுவின் வீடியோக்களைப் பாப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள். அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர் செலஸ்ட் டண்டேகர், 1973-இல் மேடையிலேயே விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவர். மாற்றுத்திறன் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே மேடையில் ஆடுவார்கள், யாருக்காகவும் இரக்கப்பட்டு அமைத்த ஆட்டம் இல்லை. கேள்வி கேட்பாள், பதில் சொல்லுங்கள்.

புது வகுப்பில் சேர்த்தால் முதல் நாள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்காதீர்கள். பக்கத்துத் தெருவில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்து அவளையே கேளுங்கள், இன்றைக்கு எந்த இசைக்கு ஆடினீர்கள் என்று.

கடிதத்தின் கடைசியில் பி.கு. போட்டு, வலது பாதம் ஒரு அளவு சின்னது, இரண்டு ஜோடி பாலே ஷூ வாங்குவது வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை, வாங்குங்கள். ஒரு பக்க பாதிப்பில் அந்தப் பாதம் சின்னதாக இருப்பது சாதாரணம், ஷூ லூசாக இருந்தால் குதிகாலில் கழன்று அதனாலேயே விழுவாள். குழந்தைகள் போடுகிற மெத்தென்ற பாலே ஷூக்களில் பலவற்றுக்கு இடது வலது என்று வித்தியாசமே கிடையாது. அதனால் பெரிய ஜோடியில் மிச்சமாகும் ஒன்றைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், வலது பாதம் வளர்ந்ததும் அது ஆகும். எலாஸ்டிக்கை நீங்களே தைக்க வேண்டியிருக்கும். வலது காலுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டாக, குறுக்கே வைத்துத் தைத்துவிடுங்கள்.